ஆட்டம் தெரிந்தது... பேண்ட் தெரியவில்லை!

எண்பதுகளின் டி.வி. மேடையும் அதன் பின்னால் நின்ற செட்டிநாட்டுக்காரர்களும்

டிசம்பர் 31 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் தமிழ்ச் சேனல்களை வரிசையாகத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் கமல்ஹாசன் பளபளக்கும் உடையில் ஆடிக்கொண்டிருப்பார். ‘சகலகலா வல்லவன்’ படத்தின் ‘இளமை இதோ இதோ’ பாட்டு. படம் வந்தது 1982-ல். நாற்பது வருஷம் தாண்டிய பிறகும் புத்தாண்டு என்றால் தமிழனுக்கு அந்தப் பாட்டுதான்.

அதைக் கொடுத்தவர்களுடைய சொந்த ஊரை விசாரித்தால் காரைக்குடிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்தே உட்காரலாம். தயாரிப்பு ஏவி.எம்.; அதை நிறுவிய ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடியில் பிறந்தவர். இயக்குநர் எஸ்.பி.முத்துராமனுக்கும் காரைக்குடிதான். கதை, வசனம் எழுதிய பஞ்சு அருணாசலம் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். கண்ணதாசனின் அண்ணன் மகன். இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர் என்றாலும், 1976-ல் ‘அன்னக்கிளி’ மூலம் அவரைத் திரைக்குக் கொண்டு வந்தவர் இதே பஞ்சு அருணாசலம்.

பாட்டை எழுதியவர் வாலி, பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். இதுவரை எல்லாப் பெயரும் நமக்கு அத்துப்படி. சரி, அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தது யார்? பேஸ் கிட்டார் யார்? டிரம்பெட் ஊதியவர்கள் யார் யார்? இங்கே வந்ததும் நம் வாய் அடைத்துப் போகிறது. அந்தக் காலத்துப் பட டைட்டிலிலும் கேசட் உறையிலும் வாத்தியக்காரர்கள் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. டி.வி.யோ ஆடுகிறவரை மட்டும்தான் காட்டியது.

உலகத்தின் பல பகுதிகளில் எண்பதுகள்தான் பேண்டுகளை டி.வி. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய காலம். தமிழ்நாட்டிலும் அப்போது முதல்தரமான பேண்ட் ஒன்று இருந்தது. நாள்தோறும் வாசித்தது. ஃபங்க், டிஸ்கோ, ஜாஸ், நாட்டுப்புறம் என்று எதைக் கேட்டாலும் கொடுத்தது. அந்த பேண்டை மட்டும் நம் டி.வி. காட்டவில்லை. ஏன் என்று தேடிப் போனால், வழி நேராகக் காரைக்குடிக்கே வந்து நிற்கிறது.

முதல் தட்டில் எல்லோரும்!

காரைக்குடிக்குப் போகும் முன் ஃபங்க் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது அறுபதுகளின் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. சோல், ஜாஸ், தேவாலயப் பாட்டு எல்லாம் சேர்ந்த கலவை. அதற்கு உருவம் கொடுத்தவர் ஜேம்ஸ் பிரவுன். 1967-ல் வெளிவந்த அவருடைய ‘கோல்ட் ஸ்வெட்’ பாட்டை ஃபங்க்கின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள்.

அதன் சூட்சுமம் எளிமையானது. நான்கு தட்டுக்கு ஒரு சுற்று. முதல் தட்டில் அத்தனை பேரும் ஒன்றாக இறங்க வேண்டும். மீதி மூன்றில் ஆளுக்கொரு சந்தைப் பிடித்துக்கொள்வார்கள். பேஸ் கிட்டார் ஒரு சின்னச் சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ரிதம் கிட்டார் கம்பியை முழுசாக அழுத்தாமல் ‘சிக்... சிக்...’ என்று சுரண்டும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இரண்டு ஸ்வரத்தை நறுக்கென்று வெட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எல்லோரும் எல்லா நேரமும் வாசித்தால் அது ஃபங்க் ஆகாது. எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் இதில் வித்வான்.

ஜேம்ஸ் பிரவுன் மேடையில் பொல்லாதவர். ஆடிக்கொண்டே பின்னால் திரும்பி விரல்களை விரித்துக் காட்டுவார். ரசிகர்களுக்கு அது ஒரு ஆட்ட முத்திரை. தாளம் பிசகியவருக்கோ அது அபராதக் கணக்கு. ஒரு பாட்டு முழுவதும் தாளத்தின் முதுகில் சவாரி செய்யும்போது, ஒருவர் சறுக்கினால் எல்லாம் குடை சாயும். அந்தக் கண்டிப்புக்குக் காரணம் அதுதான்.

இப்படிப்பட்ட இசையில் பாடகர் மட்டும் கண்ணில் பட்டால் போதாது. யார் எந்தச் சந்தில் நுழைகிறார் என்று பார்த்தால்தான் ருசி. டி.வி.க்கு இதைவிடப் பொருத்தமான தீனி ஏது?

மருத்துவர் வேஷத்தில் ஒரு கீபோர்டு

1985 மார்ச் 30. அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் கேரியர் டோம் அரங்கம். பாடகர் பிரின்ஸும் அவருடைய ‘தி ரெவல்யூஷன்’ பேண்டும் ஏறிய மேடையை செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பாவே நேரலையில் பார்த்தது. எண்பதுகளில் ஃபங்க் இசையை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டு போன ஒளிபரப்புகளில் அதற்குத் தனி இடம் உண்டு. பிறகு அது வீடியோ கேசட்டாகவும் வந்தது.

கேமரா பிரின்ஸை மட்டும் துரத்தவில்லை. பக்கத்தில் கிட்டாரோடு வெண்டி மெல்வாய்ன், கீபோர்டில் லிசா கோல்மன், பேஸ் கிட்டாரில் பிரவுன் மார்க், டிரம்ஸில் பாபி இசட். இன்னொரு கீபோர்டில் மேட் ஃபிங்க். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நேராக வந்தவர் மாதிரி அறுவை சிகிச்சை அங்கியோடுதான் எப்போதும் நிற்பார். ‘டாக்டர்’ என்பதே அவருக்குப் பட்டப்பெயர். ஒரு கீபோர்டு கலைஞரை வேஷத்தை வைத்தே ஊர் அடையாளம் சொல்கிறது என்றால், டி.வி. அவரை எவ்வளவு காட்டியிருக்க வேண்டும்!

அந்தப் பக்கமும் எல்லாம் நேர்மையான மேடை என்று நினைத்துவிட வேண்டாம். 1983-ல் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் வெள்ளிவிழா நிகழ்ச்சியில் மைக்கேல் ஜாக்சன் ‘பில்லி ஜீன்’ பாட்டுக்கு நிலா நடை நடந்து உலகத்தையே திருப்பினாரே, அது பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்து ஆடியதுதான். அந்தப் பாட்டின்போது அவருக்குப் பின்னால் பேண்ட் கிடையாது. நம் ஊர் தூர்தர்ஷனின் ‘ஒலியும் ஒளியும்’ பாட்டு நிகழ்ச்சி மரபுக்கு மைக்கேல் ஜாக்சனும் சொந்தக்காரர்தான்.

கொடைக்கானல் பக்கமா, கொழும்புப் பக்கமா?

சிராக்யூஸ் கச்சேரி நடந்த அதே மார்ச்சில் இங்கே பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. காரைக்குடி புது மாவட்டத்துக்கு வந்தது. டி.வி. விஷயத்தில் மட்டும் ஊர் ரெண்டும்கெட்டான் நிலையில் இருந்தது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சென்னையிலிருந்து காரைக்குடி 400 கிலோமீட்டருக்கு மேல். அங்கே விடும் அலை இங்கே எட்டாது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் தொண்டி, தேவிபட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கொழும்பு நிகழ்ச்சிகள் தெரிந்தன. அதைக் கேள்விப்பட்டுக் கடலோரம் தாண்டி உள்ளே இருந்த ஊர்களிலும் உயரமாகக் கம்பம் நட்டு, ஆன்டெனாவுக்குப் பூஸ்டர் மாட்டி முயன்று பார்த்தார்கள். எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானல் மலை ஒளிபரப்பு வந்த பிறகுதான் தென் மாவட்டங்களில் படம் நின்று தெரிந்தது. மொட்டை மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருக, கீழே வளவில் இருந்து இன்னொருவர் கத்துவார்: “அண்ணே, போதும் போதும்... அய்யோ போயிருச்சு, பழையபடி திருப்புங்க!”

செட்டிநாட்டு வீட்டில் டி.வி. வைக்க இடத்துக்கா பஞ்சம்? தேக்குத் தூண் நிற்கும் பட்டாலையில் பெட்டியை வைத்து, ஷட்டர் கதவைத் திறந்துவிட்டால் தெருவே வந்து உட்கார்ந்துவிடும். ஆச்சிகள் ஒரு பக்கம், வேலையாட்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் பெட்டிக்கு முன்னால். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ முடிகிற வரைக்கும் ஒருவர் நகர மாட்டார். டி.வி. தெரியாத காலத்திலும் ‘டெக்’ என்கிற வீடியோ கேசட் கருவி இருந்தது. கல்யாண வீடென்றால் கலர் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம் ஓடும்.

இவ்வளவு ஆசையாகப் பார்த்தவர்களுக்கு ஃபங்க்கின் உயிரான பேஸ் கிட்டார் கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் சரியாகக் கேட்கவில்லை. இதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் உண்டு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் ஆதார ஒலி நொடிக்கு 41 அதிர்வு. அன்றைய டி.வி. பெட்டியில் இருந்த உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்கவே முடியாது. அந்த ஒலியின் மேல் ஸ்தாயித் துணை ஒலிகளை வைத்துத்தான் காது ஊகித்துக்கொள்ளும். கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரும் அதே கதைதான். குரல் காரைக்குடி தாண்டிக் கோவிலூர் வரை போகும். பேஸ் மட்டும் பந்தலுக்குள்ளேயே செத்துவிடும்.

அந்தக் குறையைத் தீர்த்தது சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்திறங்கிய டூ-இன்-ஒன். இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர் வைத்த ஸ்டீரியோ பெட்டி. அதில் கேசட்டைப் போட்டபோதுதான், டி.வி.யில் பார்த்த அதே பாட்டுக்குக் கீழே இன்னொரு ஆள் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்பது பலருக்குப் புரிந்தது.

முகம் ஓரிடம், ஓசை ஓரிடம்

வாத்தியக்காரர்களை மறைக்க வேண்டும் என்று யாரும் சதி செய்யவில்லை. நம் சினிமா ஒலியையும் உருவத்தையும் தனித்தனியாகப் பிரித்த அன்றே அது தீர்மானமாகிவிட்டது. அந்தப் பிரிவினையை முன்னால் நின்று நடத்தியவர் ஏ.வி.மெய்யப்பன்.

காரைக்குடியில் அவருடைய தகப்பனார் ஆவிச்சி செட்டியார் நடத்திய ‘ஏ.வி. அண்ட் சன்ஸ்’ கடையில் கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்றார்கள். அங்கே தொடங்கி, சென்னையில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ மூலம் இசைத்தட்டு வியாபாரத்தில் கால் ஊன்றியவர் மெய்யப்பன். படம் எடுக்க வருவதற்கு முன்பே ஒலியை விற்றவர். குரலைத் தனிச் சரக்காகப் பார்க்கும் கண் அவருக்கு அங்கேயே வந்துவிட்டது.

1938-ல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் நடிகை வாயசைக்க, லலிதா வெங்கட்ராமனின் குரலைத் தனியாகப் பதிந்து சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அப்படித்தான் பிறந்தது. 1945-ல் ‘ஸ்ரீவள்ளி’ வெளிவந்த பிறகு, நாயகி குமாரி ருக்மிணி சொந்தக் குரலில் பாடிய பாட்டுகள் எடுபடவில்லை என்று பட்டது. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, அந்தப் பாட்டுகளை மாற்றிச் சேர்த்து மறுபடி ஓட்டினார். படம் பிய்த்துக்கொண்டு போனது.

அதே ஆண்டு ஏவி.எம். ஸ்டூடியோ நிறுவப்பட்டது. யுத்த காலத்தில் சென்னையில் இருந்த கஷ்டங்களால் காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தா பக்கம் கொட்டகைகள் போட்டு வேலை நடந்தது. 1947 பொங்கலுக்கு வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவான படம். அடுத்த வருஷமே ஸ்டூடியோ வடபழனிக்குப் போய்விட்டது. சினிமாவின் தலைநகராகக் காரைக்குடி இருந்தது அந்தச் சில வருஷம்தான்.

பின்னணிப் பாட்டு தமிழ் சினிமாவை வாழவைத்தது என்பதில் சந்தேகமில்லை. நடிக்கத் தெரிந்தவர் நடித்தார், பாடத் தெரிந்தவர் பாடினார். அதற்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. ஓசைக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், திரையில் அது கதாநாயகனுக்குச் சொந்தமாகிவிட்டது. பாடகருக்காவது வானொலி அறிவிப்பில் பெயர் கிடைத்தது. டிரம்ஸ்காரருக்கு அதுவும் இல்லை.

தமிழில் பேண்டை மையமாக வைத்த முக்கியமான படம் என்று பார்த்தால் 1979-ல் கே.பாலசந்தர் எடுத்த ‘நினைத்தாலே இனிக்கும்’. கமலும் ரஜினியும் இசைக்குழுவாக சிங்கப்பூர் போய்க் கச்சேரி செய்யும் கதை. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, பாட்டெல்லாம் சிறுகூடல்பட்டி கண்ணதாசன். திரையில் கையில் கிட்டாரோடு நின்றவர்கள் நடிகர்கள். வாசித்தவர்கள் கோடம்பாக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேண்டைப் பற்றிய படத்திலேயே அசல் பேண்ட் வெளியே நின்றது.

காலை ஒரு கால்ஷீட், ஒரே டேக்

இனி அந்த மறைந்திருந்த பேண்டுக்குள் போவோம். எண்பதுகளில் இளையராஜாவின் ஒலிப்பதிவு என்றால் காலையில் எல்லோரும் தியேட்டருக்குள். மேற்கத்திய முறை ஸ்வரக்குறிப்பில் அவர் எழுதித் தந்ததை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை, இருமுறை ஒத்திகை. பிறகு பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக டேக். ஆளுக்கொரு நாள் வந்து வாசித்துவிட்டுப் போகும் பல டிராக் வசதி பரவலாக வராத காலம். கடைசி வரியில் ஒருவர் சறுக்கினாலும் பல்லவியிலிருந்து மறுபடி. ஜேம்ஸ் பிரவுனின் அபராத விரல் இங்கே தேவைப்படவில்லை. முப்பது நாற்பது பேர் திரும்பிப் பார்த்தாலே போதும்.

தாளக் கட்டுப்பாடு ஆர்.புருஷோத்தமன் கையில். டிரம்ஸ் வாசிப்பவர் மட்டுமல்ல, மொத்த ரிதம் பிரிவையும் கட்டி மேய்த்தவர். பேஸ் கிட்டாரில் சசிதரன், கிட்டாரில் சதானந்தம், கீபோர்டில் விஜி மேனுவல், வயலினில் வி.எஸ்.நரசிம்மன், புல்லாங்குழலில் அருண்மொழி என்கிற நெப்போலியன். ‘இளைய நிலா’ பாட்டைக் கேட்டதும் மனசுக்குள் ஓடுகிறதே ஒரு கிட்டார், அது ஆர்.சந்திரசேகர் வாசித்தது. சிறு வயதில் இந்தக் கூட்டத்தில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற பையன்தான் பின்னால் ஏ.ஆர்.ரஹ்மான்.

இளையராஜா தாமே கிட்டார் வாசித்து வளர்ந்தவர். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலத்தில் கிட்டாரோடு பல இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் உட்கார்ந்தவர். பேஸ் கிட்டாருக்கு மற்றவர்கள் ‘ஸ்ருதி பிடித்துக்கொண்டு போ’ என்று விட்டுவிடுவார்கள். இவர் அதற்குத் தனி மெட்டே எழுதினார். பாட்டு மேலே ஒன்று சொல்ல, பேஸ் கீழே அதற்குப் பதில் சொல்லும். ஃபங்க் கேட்டு வளர்ந்த ஒரு அமெரிக்கரை உட்கார வைத்து எண்பதுகளின் ராஜா பாட்டைப் போட்டால், அவர் முதலில் தலையாட்டுவது அந்தப் பேஸுக்குத்தான்.

இதில் செட்டிநாட்டுக் கூட்டணியின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. பஞ்சு அருணாசலம், எஸ்.பி.முத்துராமன், இளையராஜா மூவரும் 1978-ல் ‘ப்ரியா’ செய்தபோது தமிழில் முதல்முறையாகப் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவாயின. படப்பிடிப்பு சிங்கப்பூர் வரை போனது. 1980-ல் ஏவி.எம். தயாரிப்பில் ‘முரட்டுக் காளை’. சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த மண்ணுக்கு மாடு பிடிக்கும் நாயகன் புதுசில்லை. அவனுக்குப் பின்னால் டிரம்ஸும் பேஸும் ஒலித்ததுதான் புதுசு. 1983-ல் ‘அடுத்த வாரிசு’. அதில் மலேசியா வாசுதேவன் பாடிய ‘ஆசை நூறு வகை’ இன்றைக்கும் எந்த ஆர்கெஸ்ட்ராவும் விடாத ஆட்டப் பாட்டு. புது ஓசையை வணிகப் படத்துக்குள் துணிந்து நுழைக்க ஒரு தயாரிப்பாளருக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் இவர்களிடம் இருந்தது.

அந்த ஓசையை உண்டாக்கியவர்களின் முகத்தைக் காட்டும் தைரியம் மட்டும் தமிழ்த் திரையில் யாருக்கும் வரவில்லை. தூர்தர்ஷனுக்கும் வரவில்லை.

பினாங்கில் முடிந்தது!

தமிழர் தலைமையில் ஒரு பேண்ட் டி.வி.யில் முகத்தோடும் பெயரோடும் வலம் வந்தது கடல் கடந்துதான். மலேசியாவின் பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் என்ற சகோதரர்கள் நடத்திய ‘அலிகேட்ஸ்’. புஸ்ஸென்று வளர்த்த ஆஃப்ரோ முடி, சோல், ஃபங்க் வாசனை கலந்த பாட்டு, மேடையில் அலட்டல் இல்லாத நிற்பு. ஹாங்காங்கில் வாசித்துப் பெயர் வாங்கிய பிறகு மலாய் மொழியில் பாடி, எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகள் முழுவதும் மலேசிய வீடுகளுக்குள் டி.வி. வழியாகப் போனவர்கள். 2007-ல் லோகநாதன் காலமானபோது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று தரப்பும் அழுதது.

பினாங்கு செட்டிநாட்டுக்கு அந்நியமான ஊரா? செட்டிநாட்டு நகரத்தார் கட்டிய கோயிலும் தைப்பூச வெள்ளி ரதமும் இருக்கிற ஊர். இங்கிருந்து போனவர்கள் கொண்டுவிற்றும் வட்டிக்குக் கொடுத்தும் வாழ்ந்த ஊர். அங்கே ஆறுமுகம் என்ற பெயரைத் தாங்கியவர் பேண்ட் தலைவராக டி.வி.யில் நிற்க முடிந்தது. அந்த நாட்டில் பாட்டுக்குச் சினிமா எஜமானன் இல்லை. பாட்டு தனியாக விற்றது. அதனால் பாடிய குழுவுக்கும் தனியாக ஒரு முகம் வேண்டியிருந்தது. நம் ஊரில் பாட்டு படத்தின் சம்சாரமாக இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மிருதங்கத்தை முன்னால் நகர்த்தியவர்

பின்வரிசைக்காரரை முன்வரிசைக்குக் கொண்டு வருவதில் காரைக்குடிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது சினிமாவில் நடக்கவில்லை, கர்நாடக மேடையில் நடந்தது.

1945-ல் காரைக்குடியில் பிறந்த மிருதங்க வித்வான் காரைக்குடி ஆர்.மணி, காரைக்குடி ரங்கு ஐயங்காரிடம் கற்கத் தொடங்கியவர். பதினெட்டு வயதில் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் கையால் பரிசு வாங்கினார். எம்.எஸ்.சுப்புலட்சுமி முதல் பெரிய பெரிய வித்வான்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்தார். பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. ‘ஸ்ருதி லயா’ என்ற குழுவை அமைத்து, தாள வாத்தியங்களே மேடையின் நடுவில் உட்காரும் கச்சேரிகளை நடத்தினார். பால் கிராபோவ்ஸ்கி தலைமையிலான ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு ‘இன்டு தி ஃபயர்’ என்ற கூட்டு முயற்சி செய்தார். டிரம்ஸும் சாக்ஸபோனும் நம் கோர்வைக்கு வாசித்தன. 2023 மே 4-ல் காலமானார்.

தனி ஆவர்த்தனத்தில் கடைசிக் கோர்வை எத்தனை வளைவு போனாலும் எடுப்பில் வந்து கச்சிதமாக இறங்கும். சபை மொத்தமும் தன்னை அறியாமல் கையை இறக்கும். ஃபங்க்கின் முதல் தட்டு கொடுக்கும் சுகமும் இதே வகைதான். இடையில் எவ்வளவு விளையாடினாலும் சேர்கிற இடம் ஒன்று. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பாஷை புரியாமலே நம் ஊர்க் காதுக்குள் நுழைந்தார் என்றால், நம் காது அதற்கு முன்பே தயாராக இருந்தது.

கொஞ்சம் கதவு திறந்தது

தொண்ணூறுகளில் நிலைமை மெல்ல மாறியது. ஏ.ஆர்.ரஹ்மான் தன் இசைத் தொகுப்புகளின் உறையில் வாத்தியக் கலைஞர்கள் பெயரை அச்சிட்டார். பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ் என்று ரசிகன் படித்துத் தெரிந்துகொண்டான். முன்பு இளையராஜாவின் கூட்டத்துக்குள் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்த பையன், தலைவனானதும் செய்த முதல் நியாயம் என்று இதைச் சொல்லலாம்.

2005 அக்டோபரில் சென்னை நேரு விளையாட்டு அரங்கில் இளையராஜா நடத்திய ‘அன்றும் இன்றும் என்றும்’ நிகழ்ச்சியை ஜெயா டி.வி. ஒளிபரப்பியது. இருபது வருஷமாகக் காதில் மட்டும் வாழ்ந்தவர்களை வீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்க்க முடிந்தது. புருஷோத்தமன் தாளத்தைப் பிடித்து நிற்க, ராஜா கை அசைக்க, அந்தப் பழைய பாட்டுகள் மேடையில் எழுந்தன. எண்பதுகளில் ஒளிபரப்பாகியிருக்க வேண்டிய கச்சேரி அது. நல்லவேளை, வாசித்தவர்கள் பலர் இருக்கும்போதே வந்தது.

அமெரிக்காவிலும் எல்லாக் கணக்கும் நேராகிவிடவில்லை. ஜேம்ஸ் பிரவுனுக்கு ‘ஃபங்கி டிரம்மர்’ வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் அடித்த சில நொடித் தாளத்தை வெட்டி எடுத்து நூற்றுக்கணக்கான ராப் பாட்டுகள் உருவாயின. பெரும்பாலானவற்றுக்கு அவருக்கு ஒரு காசு வரவில்லை. பாட்டின் ஆசிரியராக அவர் பெயர் பதிவாகாததுதான் காரணம். 2017-ல் இறந்தார். ஆனால் அவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். மேடையில் பார்த்தவர்கள், உறையில் படித்தவர்கள், எழுதியவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். பெயர் இருந்ததால் அநியாயத்தைப் பற்றிப் பேசவாவது முடிந்தது. பெயரே இல்லாதவருக்கு நேர்ந்ததை யார் பேசுவார்?

இன்றைக்கு வைகாசியில் கொப்புடையம்மன் திருவிழாவிலும், பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடியிலும், செட்டிநாட்டு ஊர்த் திருவிழாக்களிலும் ஆர்கெஸ்ட்ரா மேடை கட்டினால் அதே பாட்டுகள்தான். பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வந்துவிட்டதால் பேஸ் நெஞ்சில் இடிக்கிறது. டி.வி. பாட்டுப் போட்டிகளிலும் பேண்ட் கண்ணுக்குத் தெரியும்படி உட்காருகிறது. இதெல்லாம் நல்லதுதான். பழைய கணக்குதான் பாக்கி.

அந்தக் கணக்கைத் தீர்க்கச் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எண்பதுகளின் ஒலிப்பதிவுகளில் வாசித்தவர்களில் பலர் முதுமையில் இருக்கிறார்கள். சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்று இருப்பவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். இசைக் கலைஞர் சங்கமும் இசை உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பட்டியல் போடலாம். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏவி.எம்.மின் முதல் ஸ்டூடியோ இருந்த ஊர், கண்ணதாசனுக்கு மணிமண்டபம் கட்டிய ஊர், இந்த வேலையையும் எடுத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும். சேனல்காரர்கள் பழைய பாட்டைப் போடும்போது படத்தின் பெயர், பாடகர் பெயரோடு தெரிந்த வாத்தியக்காரர் பெயரையும் கீழே ஓடவிடட்டும். அதற்குச் செலவே கிடையாது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாக் கச்சேரியில் பாட்டுக்கு நடுவே, “டிரம்ஸில்... பேஸ் கிட்டாரில்...” என்று அறிவிப்பாளர் பெயர்களை வாசிக்கும் நேரத்தில் கடலை வாங்க எழுந்து போகாதீர்கள். உட்கார்ந்து அந்தப் பெயர்களைக் கேட்டு, கைதட்டிவிட்டுப் போங்கள்.